இருபத்திரண்டு வயதுக்காரரின் பக்கம்

ஓஹாயோ
2 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். கணுக்கால் வீக்கம் வற்றிவிட்டது, இனி ஒவ்வொரு கடிதத்திலும் அதை விசாரிக்கத் தேவையில்லை. அம்மாவின் முழங்கால் என்ன மாதிரி? அப்பா சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்காய்ப் போடுகிறாரா, அல்லது போட்டேன் என்று சொல்லுகிறாரா?

என்ர எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பாதேங்கோ. மாதம் ஒரு கடிதம் தமிழில் எழுதவேண்டும் என்று ஹீத்ரோ விமான நிலையத்தில் வைத்துச் சத்தியம் வாங்கினீங்கள். ஒன்றரை வருடமாய் எழுதுகிறேன். இந்த முறை சத்தியத்துக்காக எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்கவேண்டும், அதைப் போனில் கேட்க ஏலாது. நான் போன் எடுத்தால் அம்மா உடனே ஸ்பீக்கரில் போடுவா. அப்பா டிவியை நிறுத்துவார். பக்கத்து வீட்டு எமில்டா அன்ரியும் வந்து "ஹலோ மகன்" என்பா. மெசேஜ் போட்டால் நீங்கள் போனை மேசையில் வைத்த அடுத்த நிமிடம் அம்மா வாசித்திடுவா.

உங்களுக்கு விளையாட்டுத் தெரியாது, அதனால் சுருக்கமாய்ச் சொல்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் இங்கத்தைய தொழில்முறை பாஸ்கெட்போல் அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும். மொத்தமே அறுபது பேர்தான். அதுதான் ட்ராஃப்ட். யார் யார் தெரிவாவார்கள் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதற்கென்றே இணையத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். போன கிழமை ஒரு பட்டியலில் என்ர பெயர் இருபத்தாறாவதாய் வந்திருக்கு. லண்டன் பிளேஸ்டோவில் இருந்து வந்தவன், அக்கா! கோச்சிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"உன்னைவிட நல்லாய் விளையாடுறவங்கள் நாலு பேர் உனக்குக் கீழ இருக்கிறாங்கள். அவங்களுக்கு இருபத்திரண்டு வயது. உனக்குப் பத்தொன்பது. உன்ர கெட்டித்தனம் உன்ர பிறந்த திகதிதான்" என்றார்.

பெயரைக் கொடுப்பதென்றால் ஏப்ரல் கடைசிக்குள் கொடுக்கவேண்டும். மனம் மாறினால் மே கடைசிக்குள் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு எடுக்க ஏலாது. அணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் காலேஜில் விளையாட முடியாது, ஸ்கொலர்ஷிப்பும் போய்விடும்.

நீங்கள் கவுன்சிலில் பிள்ளைகளின் பிறந்த திகதிகளை வைத்து எந்த வருடம் எத்தனை பள்ளிக்கூட இடம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர். எனக்காக ஒரு கணக்குப் போடுங்கோ. காலேஜில் ஸ்டார் ஆனவர்கள் பிறகும் ஸ்டாராய் இருக்கிறார்களா? எனக்கு நல்லதாய்ச் சொல்லவேண்டாம், உண்மையைச் சொல்லுங்கோ. இங்கே எல்லாரும் எனக்கு நல்லதாய்த்தான் சொல்லுகிறார்கள்.

பாசமுள்ள தம்பி,
விதுசன்


பிளேஸ்டோ, லண்டன்
14 பெப்ரவரி 2025
(தபாலில் சேர்க்காதது)

என் அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். அம்மாவும் அப்பாவும் நலம். நான் உன் கடிதத்தை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வாசித்துவிட்டு, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி மூன்று நிலையம் போய்விட்டேன்.

உனக்குப் பத்தொன்பது வயது இல்லை, விது. இருபத்தொன்று. வருகிற ஆகஸ்ட் பத்தொன்பதாம் திகதி இருபத்திரண்டு.

உன் கடவுச்சீட்டில் உள்ள 3 ஏப்ரல் 2005 வேறொரு பிள்ளையின் திகதி. அந்தப் பிள்ளையின் பெயர் அனுசன். அவனை நாங்கள் கண்டதில்லை. 2007 டிசம்பரில் அம்மா என்னையும் உன்னையும் கூட்டிக்கொண்டு அவனுடைய குடும்பத்தின் கடவுச்சீட்டில்தான் வந்தார். கொழும்பில், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் பதினொரு நாள் எங்களை ஓர் அறையில் வைத்து அந்தத் திகதிகளைப் பாடமாக்க வைத்தான். அம்மா சோறு வடிக்கும்போது பின்னால் நின்று கேட்பான். உடுப்புத் தோய்க்கும்போது கேட்பான். சொல்லத் தடுமாறினால், "பிழைச்சால் மூண்டு பேரையும் திருப்பி அனுப்புவாங்கள், அக்கா" என்பான்.

இங்கே வந்ததும் குரொய்டன் அகதி விண்ணப்ப அலுவலகத்தில் அம்மா எல்லாவற்றையும் உண்மையாகவே சொன்னார். எங்கள் பெயர், ஊர், போரில் மாமாவுக்கு நடந்தது எல்லாம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு ஏழு வயது. கடைசியில் அதிகாரி பிள்ளைகளின் பிறந்த திகதி கேட்டார். அம்மாவின் வாயில் பாடமாக்கிய திகதிகள் வந்துவிட்டன. எனக்கு மூன்று மாதம்தான் வித்தியாசம். உனக்கு இருபது மாதம். மொழிபெயர்ப்பாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இதைத் திருத்தினால் சொன்ன உண்மைகளையும் பொய் என்பார்களோ என்று அம்மா பேசாமல் இருந்தார். மூன்று மாதம் கழித்து அப்பா வந்தபோது அவரும் அதே திகதிகளைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போது நீ எலும்பும் தோலுமாய் இருந்தாய். யாரும் சந்தேகப்படவில்லை.

உண்மைத் திகதியில் நீ உன் வகுப்பிலேயே ஆகக் கடைசிப் பிள்ளையாய் இருந்திருப்பாய். பொய்த் திகதியால் இரண்டு வகுப்பு கீழே போனாய், அங்கே எல்லாரையும்விட ஒரு முழம் உயரமாய் நின்றாய். அதைக் கண்டுதான் விளையாட்டு ஆசிரியர் உன் கையில் பந்தைக் கொடுத்தார். உன் கெட்டித்தனம் உன் பிறந்த திகதி என்று கோச் சொன்னாராம். அந்த வரியை என்னால் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை.

இதை உனக்கு எப்படி அனுப்புவேன்?


பிளேஸ்டோ, லண்டன்
23 பெப்ரவரி 2025

என் அன்புத் தம்பிக்கு,

இங்கு குளிரைத் தவிர யாருக்கும் ஒரு குறையுமில்லை. அம்மாவின் முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். அப்பா மருந்து போடுகிறார், நான் குளிசைகளை எண்ணிப் பார்த்தேன். உன் கணுக்காலைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் ஐஸ் வைக்கிறாய்தானே?

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கணக்கு நான் நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது.

இருபது வருடத்துப் பட்டியல்களை எடுத்தேன். காலேஜில் பெயர் எடுத்தவர்களை மட்டும் பிரித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்விதான்: ஐந்தாவது வருடமும் ஏதாவது ஓர் அணியில் இருந்தாரா? புள்ளிகள் அதிகம் போட்டவர்கள் நிலைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்தப் புள்ளிகளை எந்த வயதில் போட்டார்கள் என்பதுதான் அதிகம் சொல்கிறது.

பத்தொன்பது, இருபது வயதில் ஸ்டார் ஆனவர்களில் பெரும்பாலானோர் நிலைத்திருக்கிறார்கள். அந்த வரிசையைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இருபத்திரண்டு வயதுக்காரரின் வரிசை வேறு விதமானது. காலேஜில் அவர்களைப் போல ஆடியவர்கள் இல்லை. பத்திரிகைகள் கொண்டாடியிருக்கின்றன. அரங்கம் எழுந்து நின்றிருக்கிறது. ஆனால் அவர்களுக்கு எதிரே நின்றவர்களில் பாதிப்பேர் இன்னும் தோள் அகலாத பையன்கள். தொழில்முறை அணிக்குப் போனதும் எதிரே நிற்பவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். அப்போதுதான் அவர்களுடைய பலத்தில் திறமை எவ்வளவு, வயது எவ்வளவு என்று தெரிகிறது. பலர் இரண்டு வருடத்தில் காணாமல் போயிருக்கிறார்கள். ஒருவர் இப்போது காப்புறுதி விற்கிறார். ஒருவர் தான் படித்த பள்ளியிலேயே பயிற்சி கொடுக்கிறார். அவருடைய பழைய பேட்டி ஒன்றை வாசித்தேன். "நான் ஏமாற்றவில்லை, என்னிடம் இருந்ததை எல்லாம் முதலிலேயே காட்டிவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் மோசமானவர்கள் என்று நினைக்காதே. அந்த வரிசையிலும் நிலைத்தவர்கள் இருக்கிறார்கள். குறைவு, ஆனால் இருக்கிறார்கள். அவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒரு கிழமைக்கு மேலாகத் தேடினேன். அவர்கள் வேகமாக ஓடுகிறவர்களும் இல்லை, உயரமானவர்களும் இல்லை. பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் என்று ஒரு பயிற்சியாளர் எழுதியிருந்தார். உனக்குப் புரியும், எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் உனக்குத் தேவையில்லாதது. கணக்கை முழுமையாகச் சொல்லவேண்டும் என்பதற்காக எழுதினேன்.

அவசரப்பட்டு முடிவெடுக்காதே.

என்றும் உன் நினைவில்,
அக்கா சிவரூபினி


ஓஹாயோ
11 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாய் இருக்கிறேன், நல்லாய்ச் சாப்பிடுகிறேன். நீங்கள் எப்படி? கடிதத்தில் உங்களைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை.

அப்ப நான் நல்ல வரிசையில் நிற்கிறேன். கணக்குக்கு நன்றி. இரண்டு தரம் வாசித்தேன்.

போன கிழமை டொக்டர் உடம்பு முழுக்கப் படம் எடுத்தார். கை எலும்பைப் பார்த்து, "இனி நீ வளரமாட்டாய், கட்டடம் கட்டி முடிஞ்சுது" என்று பகிடி விட்டார். ஆறடி நாலு போதும், பரவாயில்லை.

இன்னொன்று. பட்டியலில் உள்ள எல்லாருடைய வீட்டுக்கும் அணிகள் ஆள் அனுப்பி விசாரிக்கும். குடும்பம் எப்படி, பையன் எப்படி வளர்ந்தான் என்று கேட்பார்கள். எங்கட வீட்டுக்கும் ஒருவர் வருவார். அம்மாவிடம் சொல்லுங்கோ, பயப்பட ஒன்றும் இல்லை.

பாசமுள்ள தம்பி,
விதுசன்


பிளேஸ்டோ, லண்டன்
6 ஏப்ரல் 2025

என் அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். மூன்றாம் திகதி நீ போனில் கேட்ட கைதட்டலில் எமில்டா அன்ரியுடையதும் இருந்தது. உனக்காக வெட்டிய கேக்கை நாங்களே சாப்பிட்டு முடித்தோம். உன் உடம்பு எப்படி? அந்த டொக்டர் வேறு ஏதாவது சொன்னாரா?

அணியிலிருந்து அந்த மனிதர் நேற்று வந்தார். நல்ல மனிதர். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார், அதோடு அம்மா அவருடைய பக்கம் சாய்ந்துவிட்டார். ஆட்டிறைச்சி ரோல்ஸ் நான்கு சாப்பிட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"சின்னனிலயே பெலசாலியா இருந்தவனோ எண்டு கேக்கிறார், அம்மா."

"எங்கையடி பெலம்? இஞ்ச வரேக்க ஓணான் மாதிரி இருந்தான். ஆனால் வாய் மட்டும் குறைவில்லை. பிளேனில பேசாமல் இரு எண்டால், ஏன் எதுக்கு எண்டு ஆயிரம் கேள்வி."

"பிளேனில் அமைதியான பிள்ளையாக இருந்தான்" என்று மொழிபெயர்த்தேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு நான் தேநீர் போடக் குசினிக்குப் போனேன். திரும்பி வரும்போது அம்மா அல்பத்தைத் திறந்து வைத்திருந்தார். பெரியம்மா கொழும்பிலிருந்து பிறகு அனுப்பிய அந்தப் பழைய அல்பம். உன் முதலாவது பிறந்தநாள் படம் ஞாபகம் இருக்கிறதா? நீ மேசையில் இருக்கிறாய், பின்னால் சுவரில் நகைக்கடை நாட்காட்டி தொங்குகிறது, வருடம் சிவப்பில் பெரிதாக இருக்கிறது. அம்மா, "வடிவாப் பாருங்கோ தம்பி, இதுதான் அவன்ர முதல் பேர்த்டே" என்றார். அந்த 'பேர்த்டே' வந்தவருக்கு என் மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. அவர் சிரித்துக்கொண்டே தன் போனில் அந்தப் படத்தைப் படம் எடுத்தார்.

நான் தட்டத்தை வைக்க இடம் தேடுவதுபோல் நின்றேன். தட்டத்தைச் சாய்த்து வைத்ததில் ஒரு கோப்பை கவிழ்ந்தது. அவர் எழுந்து வந்து துடைக்க உதவினார்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

உன்னிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா? எதுவாக இருந்தாலும் எழுது.

என்றும் உன் நினைவில்,
அக்கா


ஓஹாயோ
19 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சுகம்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லுங்கோ.

பெயர் கொடுத்துவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன், என்ன கேட்பார்கள்?

ஒரு விஷயம். நாங்கள் லண்டனுக்கு வந்த பிளேன் எனக்கு நல்லாய் ஞாபகம் இருக்கு. நீங்கள் யன்னல் பக்கம். அம்மா என்னை மடியில் வைத்து, யார் கேட்டாலும் அனுசன் என்று சொல்லவேண்டும் என்று காதுக்குள் சொன்னா. நான் அது விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு பெண் எனக்குக் கலர் பென்சில் தந்தா, நான் ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன், பேசக்கூடாது என்று அம்மா என்ர தொடையில் கிள்ளினா.

இங்கே உளவியல் வகுப்பில் ஒரு பாடம். இரண்டு வயதில் நடந்தது பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காதாம்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

விதுசன்


பிளேஸ்டோ, லண்டன்
1 மே 2025

என் அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் உன்னை உடல் நலத்தோடும், தனியாகவும், இருந்து வாசிக்கக்கூடிய இடத்திலும் காணவேண்டும்.

பெப்ரவரியில் உனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசி. பிறகு இதற்கு வா.

வாசித்துவிட்டாயா?

நாட்காட்டியில் இருந்த வருடம் 2004. உன் கடவுச்சீட்டின்படி நீ அப்போது பிறக்கவே இல்லை. அந்த மனிதரின் போனில் அந்தப் படம் இருக்கிறது. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாரா, பார்க்கவே மாட்டாரா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் அவர் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதை நான் மனதில் காண்கிறேன்.

ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடைக்கு மேலே இருக்கும் சட்டத்தரணி பாலேந்திராவிடம் போனேன். ஒரு தோழிக்காகக் கேட்பதாகச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கட தோழிக்குத் தாய் தகப்பன் இருக்கினமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"பிள்ளையில பிழை இல்லை. அவனுக்கு ஒண்டும் வராது எண்டுதான் நினைக்கிறன். தாய் தகப்பன்ர பிரஜாவுரிமையை அவங்கள் திரும்ப எடுத்துப் பாக்கலாம். பாக்காமலும் விடலாம். நான் உறுதி தர ஏலாது. ஆனால் ஒண்டு, தாங்களாப் போய்ச் சொல்லுறதுக்கும், பிடிபட்ட பிறகு சொல்லுறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, தோழி" என்றார்.

நீ கேட்டது உண்மை. நான் உனக்குக் கொடுத்தது தப்பான வரிசை. நீ தெரிவானால் உலகமே உன் வயதைப் பார்க்கும். நீ விலகினால் என்னால் விலகியதாகும். எது நடந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் பேசவில்லை.

மே கடைசி வரை நேரம் இருக்கிறது. நீ என்ன முடிவெடுத்தாலும் நான் உன் பக்கம். ஒரு வரியாவது எழுது.

அக்கா


பிளேஸ்டோ, லண்டன்
20 மே 2025

என் அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று ஸ்பீக்கரில் கேட்கிறேன். மழை பெய்கிறதாம், சோறு சமைத்தாயாம், கோச் பகிடி விடுகிறாராம். அம்மா சிரிக்கிறார். நான் உன் குரலுக்குள் வேறொரு குரலைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். எட்டாம் திகதி கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள், உன் கையொப்பமா என்று தெரியவில்லை. வேறு யாராவது பிரித்திருந்தால்? நீ வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தால்? இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தபால் ரசீதை அம்மா என் கோட்டுப் பையில் கண்டெடுத்தார். "மாதம் ஒரு கடிதம் சாதாரண முத்திரையில போறதுதானே. இதுக்கேன் கையெழுத்து?" என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவினார். கழுவி வைத்த கோப்பைகளையும் திரும்பக் கழுவினார். பிறகு வந்து, "பேனை தா" என்றார்.

அவர் எழுதியதை நான் வாசிக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா


20.05.2025

அன்பு மகன் விதுசனுக்கு,

அம்மா நல்ல சுகம். நீரும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன்.

உம்முடைய பிறந்த திகதி 19.08.2003. காலை ஆறு மணி பத்து நிமிடம். கிளிநொச்சி ஆஸ்பத்திரி. ஒவ்வொரு ஆவணியும் கோயிலில் உமக்கு அர்ச்சனை செய்வது அதனால்தான்.

அந்தக் குரொய்டன் கந்தோரில் எனக்கு அந்தத் திகதியைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. அப்போது பயந்தேன். பதினேழு வருடம் பயந்துகொண்டேதான் இருந்தேன். கதவு தட்டினால் பயம், கடிதம் விழுந்தால் பயம். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்களை யோசித்து ஒன்றும் செய்யவேண்டாம். நீர் நினைத்ததைச் செய்யும். அப்பாவும் இதையே சொல்கிறார்.

இப்படிக்கு,
அம்மா செல்வமலர்


ஓஹாயோ
28 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உண்மையாய்ச் சுகம். நீங்கள் சாப்பிடுகிறீங்களா?

உங்கட பதிவுத் தபாலில் கையொப்பம் போட்டது நான்தான். அம்மாவின் கடிதமும் கிடைத்தது. இருபது நாளாய்ப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கோ.

எனக்குத் தெரியும், அக்கா. மார்ச்சிலேயே தெரியும். நீங்கள்தான் சொன்னீங்கள். நீங்கள் அனுப்பிய கணக்கில் பத்தொன்பது வயதுக்காரருக்கு இரண்டு வரி. இருபத்திரண்டு வயதுக்காரருக்கு ஒரு பக்கம். ஒருவர் காப்புறுதி விற்கிறார், ஒருவர் பள்ளியில் பயிற்சி கொடுக்கிறார் என்று எழுதியிருந்தீங்கள். எனக்குத் தேவையில்லாத ஆட்களை நீங்கள் ஏன் அவ்வளவு கவலையோடு தேடிப் பிடித்தீங்கள்? நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு ஆவணி அர்ச்சனை ஞாபகம் வந்தது. ஏப்ரலில் பிறந்தவனுக்கு ஏன் ஆவணியில்? சின்னனில் கேட்டதற்கு, "அது வேற கணக்கு, பேசாமல் திருநீறு பூசு" என்றா அம்மா. பிறகு அந்தக் கலர் பென்சில். பிளேனைப் பற்றி எழுதினது உங்களைச் சொல்ல வைக்கத்தான். பாவம் அக்கா, உங்களைப் பயப்படுத்திவிட்டேன்.

தெரிந்துகொண்டும் பெயரைக் கொடுத்தேன். அதையும் சொல்லவேண்டும். யாருக்கும் தெரியாது, அப்படியே போய்விடலாம் என்று நினைத்தேன். நாட்காட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகும் நினைத்தேன். பயிற்சிக்குப் போனால் கால் ஓடும், தலை மட்டும் நின்றுவிடும். எனக்குப் பிடிபடுவது பயம் இல்லை, அக்கா. நான் எப்போதாவது நல்லாய் விளையாடினேனா, அல்லது சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் பெரிய பிள்ளையாய் நின்றேனா என்பதுதான் பயம்.

நேற்றுப் பெயரைத் திரும்ப எடுத்துவிட்டேன். படிப்பை முடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அணிகளோடு எனக்காகப் பேசுகிற ஏஜென்ட் கத்தினான். கோச்சிடம் உண்மையைச் சொல்லவேண்டும், ஆனால் முதலில் பாலேந்திராவிடம் கேளுங்கோ. இந்த முறை தோழி வேண்டாம்.

திகதியைத் திருத்துவோம். திருத்திய பிறகு என்னை விளையாட விட்டால், அடுத்த வருடம் அந்த மற்ற வரிசையில் போய் நிற்பேன். குறைவு, ஆனால் இருக்கிறார்கள் என்று எழுதினீங்கள். எத்தனை பேர்? பெயர்களை அனுப்புங்கோ. அவர்கள் விளையாடிய வீடியோக்களைப் பார்க்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போன் எடுப்பேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கோ. எமில்டா அன்ரியையும் கூப்பிடுங்கோ. எனக்கு எத்தனை வயது என்று சத்தமாய்ச் சொல்லப் போகிறேன்.

பாசமுள்ள தம்பி,
விதுசன்


பிளேஸ்டோ, லண்டன்
19 ஆகஸ்ட் 2025

என் அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பும் மனமும் நன்றாக இருக்கட்டும். இன்று உனக்கு இருபத்திரண்டு. இந்தத் திகதியில் உனக்கு வாழ்த்து எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதும்போது கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டேன், பழக்கம்.

அம்மா காலையிலேயே கோயிலுக்குப் போய்வந்தார். பின்னேரம் கேக்கும் வெட்டினோம். "இனி ஒரு செலவு குறைஞ்சுது, ரெண்டையும் ஒரே நாளில செய்யலாம்" என்றார் அப்பா. அம்மா சிரித்தார், நடுவில் நிறுத்திவிட்டார்.

திகதியைத் திருத்தக் கேட்டுப் பாலேந்திரா அனுப்பிய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. உன் வயதைப் பற்றிய காலேஜின் விசாரணை முடியும்வரை உன்னை ஆடவிடமாட்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா விளையாட்டுச் செய்திகளைப் பார்ப்பதில்லை. தினமும் பதினொரு மணிக்குத் தபால் வரும். கதவுத் துவாரம் திறந்து மூடும் சத்தம் கேட்டதும் வீட்டில் மூன்று பேரும் செய்கிற வேலையை விடுகிறோம். இன்று விழுந்தது பீட்சாக் கடை விளம்பரம். அதை மூன்று பேரும் வாசித்தோம்.

நீ கேட்ட பெயர்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன. இருபத்திரண்டு வயதில் போய் நிலைத்தவர்கள். முதலில் பதினான்கு பேர் என்று நினைத்தேன். வயதுகளைத் திரும்பச் சரிபார்த்தபோது இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள். பதினேழு.

பதினெட்டாவது வரியை வெறுமையாக விட்டு, எண் மட்டும் போட்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவில்,
அக்கா